கரையேறும் கலங்கள்

நுழையும்முன்

நீரில் மிதக்கும் கலத்திற்குப் புயலும் பாறையும் பகை என்பதை எல்லாரும் அறிவர். கரைக்கு வந்த கலத்திற்கும் பகை உண்டு. அது பெரும்பாலும் அதைக் காக்க நினைப்பவரின் கைகளிலேயே இருக்கிறது. தவறான இடத்தில் கட்டிய ஒரு கயிறு, இடம் மாறி வைத்த ஒரு மரக்கட்டை, நல்லெண்ணத்தோடு மூடிய ஒரு கித்தான் ஆகியவை நூறாண்டு உழைத்த ஒரு படகை ஒரு பருவத்திற்குள் கெடுத்துவிடக் கூடும். பழைய மரப்படகுகளை நீரிலிருந்து தூக்கிக் கூடத்தில் வைத்துக் காக்கும் முறைகளையும், அவற்றின் பின்னுள்ள இயற்பியலையும் இப்பாடம் விளக்குகிறது.

நீர் என்னும் தொட்டில்

ஓர் உயிரைப்போலவே மரப்படகிற்கும் முதுகெலும்பும் விலா எலும்புகளும் தோலும் உண்டு. அடியில் முன்முனை முதல் பின்முனை வரை ஓடும் அடிமரத்தை எரா என்று நம் கலஞ்செய் கம்மியர் வழங்கினர். எராவிலிருந்து இருபுறமும் வளைந்து எழும் சட்டங்கள் வங்குகள். வங்குகளின்மேல் வரிசையாக அறையப்படும் பலகைகளே படகின் தோல். இருபுற விளிம்புகளையும் இணைத்துக் குறுக்காக நிற்பவை பருமல்கள். இவற்றுள் எதுவும் தனியாக வலிமை உடையதன்று. ஒன்றையொன்று பற்றி நிற்பதனாலேயே கலம் உருப்பெறுகிறது.

இந்த அமைப்பு நீரில் மிதப்பதற்காக உருவானது. மிதக்கும் படகின் எடையை நீர் ஒரே இடத்தில் தாங்குவதில்லை. நனைந்திருக்கும் பரப்பின் ஒவ்வொரு விரற்கடை இடத்திலும் நீரின் அழுத்தம் உள்நோக்கியும் மேல்நோக்கியும் செயல்படுகிறது. கைக்குழந்தையை விரல் நுனிகளால் தூக்காமல் இரு கைகளிலும் ஏந்திக்கொள்ளும் தாயைப்போல நீர் படகை ஏந்துகிறது எனலாம்.

ஆயினும் நீரின் தாங்குதலும் முழுச் சீரானதன்று. படகின் நடுப்பகுதி அகன்றது. அங்கு விலக்கப்படும் நீர் மிகுதி, ஆகவே மிதப்பு விசையும் மிகுதி. முனைகள் குறுகியவை, அங்கு மிதப்பு விசை குறைவு. ஆனால் நங்கூரம், சுக்கான் போன்ற எடைமிக்க பொருள்கள் முனைகளிலேயே உள்ளன. எனவே பல ஆண்டுகள் மிதந்த படகில் நடுப்பகுதி சற்றே எழும்பி, இரு முனைகளும் தாழ்ந்துவிடுகின்றன. கலத்தின் முதுகு கூனுவது என்று இதனைக் குறிப்பிடலாம். நிலத்தில் வைத்த படகில் முனைகளை மட்டும் தாங்கி நடுவை விட்டுவிட்டால், நடு தொய்ந்து எதிர்வகைக் குறை நேரும். இவ்விரண்டையும் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. எராவின் அடியில் முனைக்கு முனை ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் எராவுக்கும் உள்ள இடைவெளியைச் சில இடங்களில் அளந்து எழுதி வைத்தால் போதும். அடுத்த ஆண்டு அளக்கும்போது எண்கள் மாறியிருந்தால், படகு நம்மிடம் முறையிடுகிறது என்று பொருள்.

மஸ்கோகா ஏரிகளின் படகுக்கூடங்கள்

உதகையிலும் கொடைக்கானலிலும் படகு இல்லம் என்னும் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். அது சுற்றுலாப் பயணியர் படகேறும் துறை. இங்கு நாம் பேசுவது வேறு. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், டொரான்டோ நகருக்கு வடக்கே மஸ்கோகா என்னும் ஏரிப்பகுதி உள்ளது. அங்குள்ள கோடைக்கால வீடுகளின் முன்னால், தண்ணீரின்மேலேயே கட்டப்பட்ட மரக்கூடங்களைக் காணலாம். வீட்டுக்கு மாட்டுத்தொழுவம்போல, ஏரிக்கரை வீட்டுக்கு இது படகுத்தொழுவம். படகு நேராக உள்ளே மிதந்து வந்து நிற்கும்; மேலே கூரை, இருபுறமும் நடைமேடை.

கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஏரிகளுக்காகவே அழகிய விசைப்படகுகள் கட்டப்பட்டன. கிரேவன்ஹர்ஸ்ட் ஊரில் டிட்ச்பர்ன், கிரேவெட் ஆகிய பட்டறைகளும், பிரேஸ்பிரிட்ஜ் ஊரில் மினெட் பட்டறையும் பெயர் பெற்றவை. மகோகனிப் பலகைகளை வளைத்துப் பொருத்தி, பல பூச்சு வார்னிஷ் இட்டு, கண்ணாடிபோல் ஒளிரும்படி இப்படகுகளைச் செய்தனர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் இத்தொழிலை நலிவித்தது. பின்னர் வந்த கண்ணாடியிழைப் படகுகள் மரப்படகுகளின் இடத்தைப் பிடித்தன. எஞ்சியவற்றுள் பல இன்றும் அதே ஏரிகளில் ஓடுகின்றன. அவற்றைக் கட்டிய கைகள் இன்று இல்லை. ஒரு படகு கெட்டால் அதைப்போல் இன்னொன்றை வாங்க இயலாது என்பதே அதன் உடைமையாளரை விழிப்புடன் இருக்கச் செய்கிறது.

குளிர்காலத்தில் ஏரி உறைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். அந்த விரிவின் நெருக்குதலுக்கு மரப்பலகை ஈடுகொடுக்காது. எனவே உறைபனிக்கு முன் படகை நீரிலிருந்து எடுத்தாக வேண்டும். பல கூடங்களில் கூரைச் சட்டத்திலோ தனித் தூண்களிலோ பாரந்தூக்கிகள் பொருத்தி, படகை அது நின்ற இடத்திலேயே செங்குத்தாக மேலே தூக்கி விடுகின்றனர்.

தூக்கும் கலை

தூக்குவதற்குமுன் முதலில் பார்க்க வேண்டியது படகை அன்று, கூடத்தை. கூரை உத்திரம் பனியின் எடையைத் தாங்கக் கட்டப்பட்டிருக்கலாம். அதிலிருந்து ஒரு படகு தொங்கும் என்று அதைக் கட்டிய தச்சர் எண்ணியிருக்க மாட்டார். படகின் எடை கொக்கியிலிருந்து உத்திரத்திற்கும், உத்திரத்திலிருந்து தூணிற்கும், தூணிலிருந்து ஏரியின் அடிநிலத்திற்கும் தடையின்றிச் சென்று சேர வேண்டும். இவ்வழியில் ஓரிடம் உளுத்திருந்தாலும் மற்றவை எவ்வளவு வலியவையாயினும் பயனில்லை. நீருக்குள் இருக்கும் தூணைவிட, நீர்மட்டத்தில் நனைந்தும் உலர்ந்தும் நிற்கும் பகுதியே விரைவில் உளுக்கும். அவ்விடத்தைக் கூரிய முனையால் குத்திப் பார்ப்பது பட்டறிவு உள்ளவர் செய்யும் முதல் வேலை.

அடுத்து, படகின் எடையைக் குறைக்க வேண்டும். அடித்தட்டில் தேங்கிய நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் நின்றால் அது 1 கன மீட்டர்; அதாவது 1000 கிலோகிராம். படகின் எடையோடு இன்னொரு சிறு படகின் எடை சேர்ந்துவிட்டது! அதுமட்டுமன்று. படகு சற்றே சாய்ந்தால் அந்நீர் முழுவதும் தாழ்ந்த பக்கத்திற்கே ஓடும். சாய்வு மேலும் மிகும். ஆகவே நீரை முற்றும் இறைத்த பின்னரே தூக்க வேண்டும். எரிபொருள், மின்கலம், நங்கூரம் ஆகியவற்றையும் அகற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; அது வெளியேறாமல் அடித்தட்டில் படிந்து நிற்கும். மூடிய கூடத்தில் ஒரு தீப்பொறி போதும், படகும் கூடமும் எஞ்சா.

தூக்குவதற்கு மெல்லிய கயிறோ இரும்புச் சங்கிலியோ நேரடியாகப் படகில் படக்கூடாது. உள்ளங்கையை விரித்ததுபோன்ற அகலமான பட்டைகளே ஏற்றவை. விசை ஒன்றாயினும் அது பரவும் பரப்பு மிகுந்தால் அழுத்தம் குறையும் என்பதை இயற்பியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். பொதுவாக முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரு பட்டைகள் படகின் அடியைச் சுற்றி வரும். அவை வலிய வங்குகளும் குறுக்குத் தடுப்புகளும் உள்ள இடங்களில் அமைய வேண்டும். இரு வங்குகளுக்கு இடையில் வெறும் பலகையின்மேல் பட்டை அழுந்தினால் பலகை உள்வாங்கும். பின்பக்கப் பட்டை சுழலித்தண்டின்மீதோ சுக்கானின்மீதோ படிந்துவிட்டால் அது வளைந்துபோகும். அந்தச் சேதம் அடுத்த கோடையில் படகு அதிரும்போதுதான் தெரியவரும். நீருக்குள் இருப்பவை கண்ணுக்குத் தெரியாதாகையால், ஒருமுறை சரியான இடத்தைக் கண்டறிந்ததும் படகின் விளிம்பில் சிறு குறியிட்டு வைப்பது மூத்தோர் வழக்கம்.

முன்முனை கூம்பி ஏறுவதால் முன்பக்கப் பட்டை முன்னோக்கி வழுக்கக் கூடும். வழுக்கினால் முன்முனை திடீரெனத் தலைகுப்புறச் சரியும். இரு பட்டைகளையும் ஒரு கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிவிட்டால் இத்தீங்கு நேராது. செய்வதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டோர் எத்தனை பேர்!

இனி, பலரும் அறியாத ஒரு விசையைக் காண்போம். பட்டையின் இரு முனைகளையும் மேலே ஒரே கொக்கியில் மாட்டினால், அவை படகின் இருபுறமும் சாய்வாக நிற்கும். எளிமைக்காக ஒரே பட்டை 1500 கிலோகிராம் எடையைத் தாங்குவதாகக் கொள்வோம். பட்டையின் இரு பக்கங்களும் செங்குத்தாக நின்றால் ஒவ்வொன்றிலும் 750 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுவிசை இருக்கும். அவை கிடைமட்டத்துடன் 30 பாகை மட்டுமே சாய்ந்திருந்தால், ஒவ்வொன்றிலும் இழுவிசை 1500 கிலோகிராம் எடைக்குச் சமமாகிவிடும். எடை மாறவில்லை, கோணம் மாறியதால் இழுவிசை இரட்டிப்பாயிற்று. மேலும், அவ்விழுவிசையின் கிடைமட்டக் கூறு ஏறத்தாழ 1300 கிலோகிராம் எடைக்குச் சமம். அது படகின் இரு விளிம்புகளையும் உள்நோக்கி நெருக்குகிறது. ஒரு காகிதக் கோப்பையின் வாயை விரல்களால் அழுத்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். பருமல்கள் முறியவும் விளிம்புப் பலகைகள் பிளக்கவும் இதுவே காரணம். இதற்குத் தீர்வு எளியது: படகின் அகலத்தைவிடச் சற்று நீண்ட ஒரு வலிய குறுக்குத்தடியைக் கொக்கிக்குக் கீழே தொங்கவிட்டு, பட்டைகளை அத்தடியின் முனைகளில் மாட்டினால் அவை செங்குத்தாக நிற்கும், நெருக்குதலைத் தடி ஏற்றுக்கொள்ளும், படகு தப்பும்.

தூக்கும்போது விரைவு கூடாது. பட்டைகள் இறுகியதும் நிறுத்திப் பார்க்க வேண்டும். நீரைவிட்டு ஒரு சாண் உயர்ந்ததும் மீண்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். படகின் எடைமையம் அதன் நீளத்தின் நடுவில் இருப்பதில்லை. பொறி எங்குள்ளதோ அப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு முனை தாழ்ந்தால் கீழே இறக்கிப் பட்டையை மாற்ற வேண்டுமேயன்றி, ஆளை நிறுத்தி எதிர்ப்பக்கம் அழுத்தச் செய்யலாகாது. தொங்கும் படகின் அடியில் எக்காரணத்தாலும் எவரும் நிற்கக்கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

இறக்கி வைத்தல்

தூக்கிய படகைப் பட்டையிலேயே குளிர்காலம் முழுதும் தொங்கவிடுவதும் உண்டு. ஆனால் இரண்டே இடங்களில் தொங்கும் படகு மெல்ல மெல்ல உருமாறும். கட்டைகளின்மேல் இறக்கி வைப்பதே சிறந்தது. எடை முழுவதையும் எராவே ஏற்க வேண்டும். பக்கத் தாங்கிகள் படகு சாயாமல் தடுப்பதற்கு மட்டுமே என்பது இதன் அடிப்படை விதி. நடக்கப் பழகும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறோம்; அதன் எடையைத் தாங்கிக்கொள்வதில்லை அல்லவா? அதுபோன்றது இது. எராவின் அடியில் நெருக்கமாகப் பல கட்டைகளை வைத்து, ஒவ்வொன்றும் எராவைத் தொடும்படி ஆப்புகளால் சரிசெய்ய வேண்டும். ஒரு கட்டை மற்றவற்றைவிடச் சற்று உயர்ந்திருந்தால் எடையெல்லாம் அதன்மேலேயே இறங்கும். பழைய படகின் எரா ஏற்கெனவே சற்று வளைந்திருக்குமானால், கட்டைகளை நேர்க்கோட்டில் அமைத்து அதை ஒரே நாளில் நிமிர்த்த முயல்வது அறியாமை. இப்போதிருக்கும் வளைவுக்கேற்பத் தாங்கி, பல மாதங்களில் சிறிது சிறிதாக ஆப்புகளைத் தளர்த்தியும் இறுக்கியும் வருவதே முறை.

ஈரமும் உலர்வும்

மரம் வெட்டுண்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றும் விடுத்தும் வாழ்கிறது. அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கத் தொடங்கியதும் மரம் சுருங்கத் தொடங்கும். நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. அகலவாக்கில்தான் அது புலப்படும். 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை 1 மில்லிமீட்டர் சுருங்கினாலும், பலகைக்குப் பலகை ஓர் இடுக்கு திறந்துவிடும். கணப்பு மூட்டிய வெப்பமான அறையில் படகை வைப்பது அதற்குச் செய்யும் உபசாரம்போலத் தோன்றும். குளிர்நாடுகளில் அவ்வறைக் காற்று மிக வறண்டது, பலகைகள் வெடிக்கும். அதனால்தான் நீரின்மேல் கட்டப்பட்ட, கணப்பு இல்லாத கூடம் மரப்படகிற்கு உகந்ததாகிறது.

மறுபுறம், ஈரம் மிகுந்தாலும் கேடுதான். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் வளரும். இதில் ஏரி நீரைவிட மழைநீரே கொடியது. மேல்தட்டின் சிறு விரிசல் வழியே இறங்கி, காற்றுப் புகாத மூலைகளில் தங்கி, வெளியே வார்னிஷ் பளபளக்க உள்ளே மரத்தைப் பொடியாக்கிவிடும். காற்றுப் புகாமல் இறுக மூடிய கித்தான் இதற்குத் துணைபோகிறது. எனவே அடித்தட்டுப் பலகைகளைக் கழற்றி, அறைக் கதவுகளைத் திறந்து, அடிப்பகுதியின் வடிகால் அடைப்பானை நீக்கி, மேற்போர்வைக்கும் படகிற்கும் இடையே காற்றோட்டம் விட்டு வைக்க வேண்டும். நீக்கிய அடைப்பானைச் சுக்கான் சக்கரத்திலேயே கட்டித் தொங்கவிடுவோர் உண்டு. வசந்தத்தில் அதை மறந்து படகை நீரில் இறக்கியோரின் பட்டறிவு அது.

வசந்தத்தில் இறக்கும்போது இன்னொரு பொறுமை தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் சுருங்கிய பலகைகள் முதல் நாளில் நீரை உள்ளே விடும். அதைக் கண்டு அஞ்சி, உலர்ந்த இடுக்குகளில் கடினமான பூச்சைத் திணித்துக் கலப்பற்றுச் செய்வது பெருந்தவறு. பலகைகள் நீருண்டு விரியும்போது அவற்றுக்கு இடம் இராது. அவ்விசை வங்குகளை முறிக்கவும் ஆணிகளைப் பிடுங்கவும் வல்லது. மஸ்கோகாவில் படகைத் தூக்கிய அதே பட்டைகளில் அதை நீர்மட்டத்தில் நிறுத்தி, உள்ளே வரும் நீரை இறைத்துக்கொண்டே சில நாள்கள் காத்திருப்பர். பலகைகள் தாமாகவே பருத்து ஒன்றையொன்று நெருக்கி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். அதன்பின் பட்டைகளை அவிழ்ப்பர்.

தெரியுமா?

நம் கடற்கரையின் கட்டுமரத்திற்கு இதற்கு நேர்மாறான தேவை உண்டு. அதில் நீர்புகாத உட்குழி எதுவும் இல்லை. மரங்களின் இலேசான தன்மையே அதை மிதக்க வைக்கிறது. நீரில் ஊறினால் மரம் கனத்து மிதப்பு குறையும். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பிரித்து உலர விடுவர். பலகைப் படகு உலர்ந்தால் ஒழுகும். கட்டுமரம் உலராவிட்டால் தாழும்.

நூறு கைகள்

பாரந்தூக்கி இல்லாமலே நீண்ட கலங்களைக் கரையேற்றும் மரபு நம் அண்டை மாநிலமான கேரளத்தில் உண்டு. நூறு அடிக்கும் மேல் நீளமுள்ள சுண்டன் வள்ளங்களும் ஆரன்முளைப் பள்ளியோடங்களும் ஆஞ்சிலி மரத்தால் ஆனவை. பந்தயக்காலமும் திருவிழாக்காலமும் முடிந்தபின் அவற்றை ஆற்றங்கரையிலுள்ள நீண்ட கூரைக்கொட்டிலில் ஏற்றி வைக்கின்றனர். இக்கொட்டிலை வள்ளப்புரை என்றும், ஆரன்முளைப் பகுதியில் பள்ளியோடப்புரை என்றும் அழைப்பர். ஊரார் பலர் இருபுறமும் வரிசையாக நின்று கைகொடுத்து ஏற்றுவதை எண்ணிப் பார்த்தால் அதன் அறிவியல் விளங்கும். படகின் நீளம் முழுவதும் தாங்குபுள்ளிகள். நீர் செய்ததையே கைகள் செய்கின்றன. ஏற்றிய கலத்திற்கு மீனெண்ணெய் பூசி வைப்பது மரபு. எண்ணெய் மரத்தினுள் ஊறி, ஈரம் விரைவாக ஏறி இறங்குவதைத் தடுக்கிறது.

வாசா: ஒரு பெருங்கலத்தின் கதை

இதுவரை கூறியவை சிறு படகுகளுக்கு உரியவை. இவ்விதிகள் ஒரு போர்க்கப்பலுக்குப் பொருந்தும்போது என்ன நேரும் என்பதைச் சுவீடன் நாட்டின் வாசா காட்டுகிறது.

1628ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், 64 பீரங்கிகளைச் சுமந்து ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் புறப்பட்ட வாசா, ஏறத்தாழ 1300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து மூழ்கியது. மேற்பகுதி கனத்து, அடிப்பகுதியின் எடை போதாமல் போனதே காரணம். 32 மீட்டர் ஆழத்தில் அது 333 ஆண்டுகள் கிடந்தது. உலகின் பெரும்பாலான கடல்களில் மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு அதற்குள் அதை அழித்திருக்கும். பால்டிக் கடலின் நீர் உவர்ப்புக் குறைந்தது; அப்புழு அங்கு வாழ்வதில்லை. அதனால் கப்பல் தப்பியது.

1956இல் ஆண்டர்ஸ் பிரான்சேன் என்பவர் அதன் இருப்பிடத்தைக் கண்டறிந்தார். அதைத் தூக்கிய முறையில் நாம் மேலே கண்ட பட்டைகளின் தத்துவமே உள்ளது. கடற்படை முக்குளிப்போர் இருளிலும் சேற்றிலும், நீர்ப்பீச்சிகளின் துணையால் கப்பலின் அடியில் ஆறு சுரங்கவழிகள் குடைந்தனர். அவர்களின் தலைக்கு மேலே இருந்தது கற்சுமையுடன் கூடிய ஒரு பழங்கப்பல். அது சற்று இறங்கினால் அவர்கள் மீள வழியில்லை. அவ்வழிகளில் எஃகு வடங்களைச் செலுத்தி, அவற்றை மேலே மிதக்கும் இரு பெரிய மிதவைகளில் கட்டினர். மிதவைகளுள் நீரை நிரப்பித் தாழ்த்தி, வடங்களை இறுக்கி, பின் அந்நீரை வெளியேற்றினால் மிதவைகள் உயரும். அவற்றோடு கப்பலும் உயரும். 1959இல் இவ்வாறு 18 முறை சிறிது சிறிதாக உயர்த்தி, ஆழங்குறைந்த இடத்திற்குக் கொண்டு வந்தனர். ஒரேமூச்சில் மேலே தூக்க அவர்கள் துணியவில்லை. அங்கேயே நிறுத்தி, ஆணிகள் துருப்பிடித்து உதிர்ந்த ஆயிரக்கணக்கான துளைகளை ஓராண்டுக்கும் மேலாக ஒவ்வொன்றாக அடைத்தனர். 1961 ஏப்ரல் 24 அன்று வாசா நீர்மட்டத்திற்கு மேல் தலை காட்டியது. உள்ளிருந்த நீரை இறைத்ததும், மே மாதத் தொடக்கத்தில் தன் அடிப்பகுதியிலேயே மிதந்து உலர்துறைக்குள் நுழைந்தது.

உண்மையான இடர் அதன்பின்தான் தொடங்கிற்று. முந்நூறு ஆண்டுகள் ஊறிய கருவாலி மரத்தைக் காற்றில் உலரவிட்டால் அது சுருங்கி நொறுங்கிவிடும். எனவே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலை 1962 முதல் 1979 வரை, பதினேழு ஆண்டுகள் கப்பலின்மேல் தெளித்து வந்தனர். மரத்தினுள் நீர் இருந்த இடத்தில் அது மெல்லப் புகுந்து நிலைத்தது. பின்னர் ஆண்டுக்கணக்கில் மெதுவாக உலர்த்தினர். 1988இல் கப்பலைப் புதிய இருப்பிடத்திற்கு மாற்றினர். பழைய கடற்படைத் தளத்தின் உலர்துறை ஒன்றைச் சுற்றி எழுப்பிய அந்தக் கட்டடம், 1990இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. படகுக்கூடம் என்னும் சொல்லுக்கு அதைவிடப் பெரிய பொருளை நான் அறியேன்.

கரையேறிய வாசாவுக்கு நீரின் தொட்டில் இல்லை. அது தாங்குசட்டத்தின்மேல், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் ஊன்றி நிற்கிறது. பதப்படுத்திய மரம் புதிய கருவாலியின் வலிமையை இழந்துவிட்டது. அதே மரம்தான் மேலுள்ள தட்டுகளின் எடையைத் தாங்க வேண்டும். நுண்ணளவைக் கருவிகளால் கப்பலின் பல புள்ளிகளைத் தொடர்ந்து அளந்த அறிஞர்கள், அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் தொய்ந்தும் சாய்ந்தும் வருவதைக் கண்டனர். எராவின் அடியில் நூல் கட்டி அளந்தோமே, அதன் பெரிய வடிவம் இது.

காக்கச் செய்த செயலே கேடாகும் என்பதற்கும் வாசாவில் சான்று உண்டு. கரையேற்றிய காலத்தில் பலகைகளை இறுக்கிப் பிடிக்க ஆயிரக்கணக்கான இரும்பு மரையாணிகளைப் பொருத்தினர். அன்று அது சரியான செயலாகவே தோன்றியது. அவை காலப்போக்கில் துருப்பிடித்தன. துரு மரத்தினுள் பரவி அதை நலிவித்தது. 2000ஆம் ஆண்டின் மழைமிகு கோடையில், பார்வையாளர் உடைகளின் ஈரம் அருங்காட்சியகக் காற்றில் ஏற, கப்பலின் மேற்பரப்பில் அமிலத்தன்மை உடைய உப்புகள் பூத்தன. ஸ்டாக்ஹோமின் கழிவுநீரிலிருந்து பல நூற்றாண்டுகளாக மரத்தினுள் சேர்ந்திருந்த கந்தகம், இரும்பின் துணையால் அமிலமாக மாறியிருந்தது. அதன்பின் கூடத்தின் காற்றோட்ட அமைப்பை மாற்றியமைத்து, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஆண்டு முழுவதும் ஒரே அளவில் நிறுத்தினர். 2011 முதல் 2018 வரை, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துருப்பிடிக்காத சிறப்பு எஃகு ஆணிகளைப் பொருத்தினர். கப்பலின் எடையை மேலும் பல இடங்களில் பகிர்ந்து ஏற்கும் புதிய தாங்குசட்டம் அமைக்கும் பணியை இப்போது மேற்கொண்டுள்ளனர். கப்பலின் அசைவையும் தொடர்ந்து அளந்து வருகின்றனர்.

சொல்லும் பொருளும்

எரா – கலத்தின் அடிமரம். வங்கு – எராவிலிருந்து வளைந்து எழும் விலாச்சட்டம். பருமல் – குறுக்குமரம். கலப்பற்று – பலகை இடுக்குகளை நாராலும் பஞ்சாலும் அடைத்தல். கருவாலி – குளிர்நாடுகளில் வளரும் வலிய மரவகை.

கற்பவை கற்றபின்...

1. ஒரு காகிதக் கோப்பையின் அடியில் நூலைச் சுற்றி, இரு முனைகளையும் ஒரே புள்ளியில் பிடித்துத் தூக்குக. பின்னர் இரு முனைகளுக்கும் இடையே ஒரு குச்சியை வைத்துத் தூக்குக. கோப்பையின் வாய் எவ்வாறு மாறுகிறது என்பதை வரைந்து விளக்குக.

2. உங்கள் ஊரில் ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றுள் எதிலேனும் இயங்கும் படகின் உறுப்புகளுக்கு அங்குள்ளோர் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் இப்பாடத்தில் இடம்பெற்ற சொற்கள் உள்ளனவா எனக் காண்க.

3. ‘வாசாவைக் கடலடியிலேயே விட்டிருக்கலாம்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.